பாட்டில் தெரிந்தது, டாக்டர் தெரியவில்லை

மூக்கில் செருகும் இரண்டு சின்ன முனைகள், ஓர் ஆக்சிஜன் குழாய், தண்ணீர் ஊற்றிய ஒரு ஷாம்பு பாட்டில். இவற்றை வைத்துக்கொண்டு வங்கதேச டாக்டர் ஒருவர் நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தைகளைப் பிழைக்க வைக்கிறார் என்ற செய்தி 2017, 2018 ஆண்டுகளில் உலகப் பத்திரிகைகளில் வலம் வந்தது. 15,000 டாலர் வென்டிலேட்டர் எங்கே, ஒன்றேகால் டாலர் பாட்டில் எங்கே என்று வியந்து எழுதினார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு இன்றும் பாட்டில் ஞாபகம் இருக்கும். டாக்டரின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

செய்தியில் பொய் இல்லை. ஆனால் பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. நல்ல பதில் இல்லை. கருவி வாங்குவதையே சுகாதாரச் சாதனையாகக் கணக்குக் காட்டும் எல்லா அரசுகளும் படித்துப் பார்க்க வேண்டிய பதில்.

அவர் பெயர் முகம்மது ஜோபாயர் சிஷ்டி. 1996இல் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். முதல் நாள் இரவுப் பணியிலேயே மூன்று குழந்தைகள் கண்ணெதிரே இறந்தன. செய்ய ஒன்றும் இல்லாமல் அழுததையும், நிமோனியாவுக்கு ஒரு வழி கண்டே தீருவது என்று அன்றிரவே முடிவெடுத்ததையும் பின்னாளில் பிபிசியிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர்களின் வாழ்க்கைக் கதைகளில் இப்படி ஓர் இரவு எப்படியும் வந்துவிடும். சிஷ்டி விஷயத்தில் பெரிது, அந்த இரவுக்குப் பிறகு வேறு பக்கம் திரும்பாமல் அதே நோயோடு அவர் மல்லுக்கட்டிய இருபது ஆண்டுகள்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கும் அதில் பங்கு உண்டு. டாக்காவின் மொஹாகாலி பகுதியில் உள்ள அந்த ஆய்வு நிறுவனத்தின் பெயர் ஐசிடிடிஆர்பி. ஊர்க்காரர்களுக்கு அது காலரா ஆஸ்பத்திரி. 1960இல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1968இல் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்று காட்டிய இடம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டின் வரலாறு அந்த வாசல் வழியாகத்தான் போகிறது.

அந்த ஆஸ்பத்திரியின் கட்டிலைப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும். மெத்தை கிடையாது. கழுவித் துடைக்கக்கூடிய விரிப்பு ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். விரிப்பின் நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை, அதற்கு நேர் கீழே பிளாஸ்டிக் வாளி. வயிற்றுப்போக்கில் போவதெல்லாம் வாளியில் விழும். வாளியில் எவ்வளவு சேர்ந்ததோ அந்த அளவுக்குக் கரைசல் உள்ளே போக வேண்டும். நோயாளி இழந்தது எவ்வளவு என்று யாரும் யூகிக்க வேண்டியதில்லை, குனிந்து பார்த்தால் போதும். சீசன் உச்சத்தில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் வந்து, வளாகத்தில் கூடாரம் போட்டுப் படுக்க வைக்கும் ஆஸ்பத்திரி அது. கொஞ்சமாகச் செலவழிப்பது, விடாமல் அளப்பது என்ற இரண்டும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன. ஷாம்பு பாட்டிலைப் பற்றி எழுதியவர்களுக்கு முதலாவது பிடித்திருந்தது. இரண்டாவதைக் கவனிக்கவில்லை.

அங்கே வரும் குழந்தைக்கு ஒரு நோய் மட்டும் இருப்பதில்லை. வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் நிமோனியாவும் இருக்கும், இரண்டுக்கும் அடியில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கும். சிஷ்டி தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது இந்தக் குழந்தையைத்தான்.

நிமோனியாவை அடையாளம் காண உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொடுப்பது எளிய வழி. குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலே சந்தேகப்பட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் இன்னும் மோசம். நம் ஊர்த் தாய்மார்கள் ‘நெஞ்சு இழுக்குது டாக்டர்’ என்று சொல்வது இதைத்தான்.

எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையிடம் இந்தப் பாடம் சறுக்குகிறது. நெஞ்சு இழுக்கவும் தசையில் வலு வேண்டுமே. நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருந்தாலும், மூச்சு வேகமாகாமல், விலா உள்வாங்காமல், காய்ச்சல்கூட இல்லாமல் அந்தக் குழந்தை அமைதியாகப் படுத்திருக்கும். தூங்குகிறது என்று நினைத்துவிடலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் சிஷ்டியும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இதைத்தான் எச்சரித்தது: கடுமையாக மெலிந்த குழந்தைகளிடம் வழக்கமான அடையாளங்களை மட்டும் நம்பாதீர்கள். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பதும், அது 90 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நம்பாமல் இருப்பதும் அந்த வார்டில் அன்றாட வேலை. பாட்டிலுக்கு முன்னால் இத்தனை இருக்கிறது.

ஆராய்ச்சிப் படிப்புக்காக அவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குப் போனார். வழிகாட்டி டிரெவர் டியூக், பப்புவா நியூ கினியில் வேலை செய்த குழந்தை மருத்துவர். அந்நாட்டின் ஐந்து மருத்துவமனைகளில் பல்ஸ் ஆக்சிமீட்டரும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டரும் கொடுத்து, ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்ததில் நிமோனியாவால் இறக்கும் குழந்தைகள் 35 சதவீதம் குறைந்ததை 2008இல் ‘லான்செட்’ இதழில் காட்டியவர். குருவும் சீடனும் ஒரே பிரச்சினையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் குமிழி முறையில் மூச்சு உதவி கொடுப்பதை சிஷ்டி அங்கே பார்த்தார். பபிள் சிபேப் என்பார்கள். அதன் தத்துவம் பழையது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, மூச்சு விட முடியாமல் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உலகத்தின் மிகப் பெரிய அதிகாரம் வாசலில் நின்றும் டாக்டர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இத்தகைய குழந்தைகள் மூச்சை வெளியே விடும்போது ஒரு முனகல் கேட்கும். வலியில் அழுகிறது என்று நினைப்போம். உண்மையில், தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் குழந்தை தானாகவே தடுத்துப் பார்க்கிறது. முழுக்கச் சுருங்கிய பலூனை ஊத எவ்வளவு சிரமம், பாதி ஊதிய பலூனை ஊத எவ்வளவு சுலபம்! நுரையீரலின் சிறு காற்றறைகளுக்கும் அதுவே கதி. குழந்தை முனகிச் செய்வதை வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்துச் செய்தால் என்ன என்று யோசித்தவர் சான்பிரான்சிஸ்கோவின் மயக்கவியல் டாக்டர் ஜார்ஜ் கிரிகரி. 1971இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அப்படிச் சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்திருந்தார்கள்.

குமிழி முறையில் இதற்கு இயந்திரமே வேண்டாம். மூச்சு வெளியே வரும் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், அந்த ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்தைத் தாண்டித்தான் காற்று வெளியேற முடியும். அதே அழுத்தம் நுரையீரலிலும் நிற்கும். ஆழத்தைக் கூட்டினால் அழுத்தமும் கூடும். ஊர் திரும்பிய சிஷ்டி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஒரு ஷாம்பு பாட்டிலைப் பார்த்தார், உள்ளே நுரைக் குமிழிகள். மற்றது அவருக்கு ஓடிவிட்டது. தண்ணீர் ஊற்றி, குழாயைச் செருகி, முதலில் நான்கைந்து குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் முன்னேற்றம் தெரிந்தது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் நிருபர்களைக் கூப்பிட்டிருப்பார். சிஷ்டி சோதனையைத் தொடங்கினார். 2011 ஆகஸ்ட் முதல் 2013 ஜூலை வரை, கடும் நிமோனியாவும் ஆக்சிஜன் குறைவும் உள்ள 225 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். 79 பேருக்குப் பாட்டில். 67 பேருக்கு வழக்கமான குறைவேக ஆக்சிஜன். 79 பேருக்கு அதிவேக ஆக்சிஜன். பாட்டில் குழுவில் மூன்று பேர் இறந்தார்கள், மற்ற இரண்டு குழுக்களிலும் பத்துப் பத்துப் பேர். வழக்கமான சிகிச்சையில் இறப்பு அதிகமாக இருக்கிறது என்று கண்காணிப்புக் குழு சோதனையை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னது. முடிவு 2015இல் ‘லான்செட்’டில் வந்தது.

எண்கள் சிறியவை என்பதை மறக்கக் கூடாது. சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் பாட்டில் குழுவில் 5, அதிவேக ஆக்சிஜன் குழுவில் 10. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்லும். உறுதியாகத் தெரிந்தது, குறைவேக ஆக்சிஜனைவிடப் பாட்டில் மேல் என்பது. பத்திரிகைத் தலைப்புகளுக்கு அந்த நிதானம் வராது.

இனி ஆப்பிரிக்கா.

கானாவின் இரண்டு மாவட்டங்களில் 2,200 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சிபேப்பால் இறப்பு குறையவில்லை. ஒரு வயதுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. மலாவியில் நடந்தது இன்னும் கசப்பானது. சலிமா மாவட்ட மருத்துவமனையில், எச்ஐவி, ஊட்டச்சத்துக் குறைபாடு, ஆக்சிஜன் குறைவு போன்ற கூடுதல் ஆபத்துள்ள 644 நிமோனியாக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம் பேர் இறந்தார்கள். குமிழி சிபேப் பெற்றவர்களில் 17 சதவீதம். அந்தச் சோதனையும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது, டாக்காவுக்கு நேர் எதிரான காரணத்துக்காக.

மலாவியின் குழந்தைகள் வேறு, அவர்களின் நோய்களும் ஓரளவு வேறு. அதனால் ஒரே காரணத்தின் மேல் பழியைப் போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. டாக்காவில் டாக்டர்களும் செவிலியர்களும் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தார்கள். சலிமாவில் தினமும் வந்து பார்க்கும் டாக்டர் கிடையாது, டாக்டர் அல்லாத ஊழியர்களே சிகிச்சையை நடத்தினார்கள். அவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களிடம் ஒப்படைத்த வேலைதான் அளவுக்கு மீறியது.

என்ன அப்படிப்பட்ட வேலை? குமிழி வந்துகொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றுபோனால் மூக்கிலிருந்து முனை நழுவியிருக்கும், அல்லது குழந்தை வாயைத் திறந்து அழுதிருக்கும், அல்லது எங்கோ குழாய் கழன்றிருக்கும். தண்ணீர் மட்டம் குறைந்தால் அழுத்தமும் குறையும், நிரப்ப வேண்டும். மூக்கில் சளி அடைத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். முனை இறுக்கமாக இருந்தால் மூக்குத் துவாரம் புண்ணாகும். காற்று வயிற்றுக்குள்ளும் போகும். வயிறு உப்பினால் குழந்தை வாந்தி எடுக்கும், வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆளைக் கொன்றுவிடும். எனவே வயிற்றுக்குக் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தையாக இருந்தால் நெஞ்சில் ஏறும் அழுத்தமே இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். இத்தனையும் நடு ராத்திரியிலும் நடந்தாக வேண்டும். பாட்டிலின் விலை ஒன்றேகால் டாலர் என்று எழுதியவர்கள் இந்த வேலைக்கு எந்த விலையும் போடவில்லை.

குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையில் இந்தப் பாடம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது பணக்கார நாடுகளின் நடைமுறை. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேத்ரின் மெயிட்லண்ட் குழுவினர் அதைச் சோதித்தார்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். 2011இல் இது வெளியானபோது குழந்தை மருத்துவ உலகம் ஆடிப்போனது. வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் பின்னால் இருக்கும் இடத்தில் எழுதிய விதியை, அவை இல்லாத இடத்தில் அப்படியே நம்பக் கூடாது என்று ஆயிற்று.

சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு அதற்கு முன்பே இந்தக் கேள்வியைத் தன் வாசலில் வைத்துக் கேட்டிருக்கிறது. டாக்டர் இந்துமதி சந்தானம் தலைமையில், கிருமித்தொற்று அதிர்ச்சியோடு வந்த 147 குழந்தைகளுக்கு இரண்டு வேகங்களில் திரவம் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் திரவம் ஏற ஏறக் கல்லீரல் பெரிதாகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும், பெரிதானால் கையை நிறுத்துவதும் எவ்வளவு முக்கியம் என்பதை அது அழுத்தமாகச் சொன்னது. கல்லீரலைத் தொட்டுப் பார்க்க வேண்டியது ஒரு விரல். அந்த விரல் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தீவிர சிகிச்சை என்ற துறையே கைகளிலிருந்துதான் பிறந்தது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்கவியல் டாக்டர் பியோர்ன் இப்சன் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். மற்றவர்களுக்கும் அமுக்க யார் இருக்கிறார்கள்? மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து வாரக்கணக்கில் பையை அமுக்கினார்கள். இயந்திரங்கள் பிறகு வந்தன.

சிஷ்டியும் இதை உணர்ந்தவராகத்தான் தெரிகிறார்.  எத்தியோப்பியாவின் பொது மருத்துவமனைகளில் அந்நாட்டு டாக்டர்களுடன் சேர்ந்து மீண்டும் ஒரு சோதனைக்குப் போனார். முதலில் அங்கே இது நடக்கக்கூடியதா என்று பார்த்து, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டரின் மேற்பார்வை இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகுதான் குழந்தைகளைச் சேர்த்தார்கள். அங்கே பாட்டில் மறுபடியும் பலன் தந்தது. கானா, மலாவி அனுபவங்களோடு இதை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் எவருக்கும், மேற்பார்வைக்கும் பயிற்சிக்கும் இதில் பெரிய பங்கு இருக்கலாம் என்று தோன்றும்.

உலகில் ஆண்டுக்கு 7 லட்சம் குழந்தைகளுக்கு மேல் ஐந்து வயதுக்குள் நிமோனியாவில் இறக்கிறார்கள் என்கிறது யுனிசெஃப். இதில் இந்தியாவின் பங்கு சிறியதில்லை. கொரோனா காலத்தில் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அவசரமாக அனுப்பிய வென்டிலேட்டர்கள், இயக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் மூலையில் கிடந்த செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. கருவி வாங்கினால் திறப்பு விழா நடத்தலாம், ரிப்பன் வெட்டலாம், புகைப்படம் எடுக்கலாம். இரவுப் பணிக்கு நான்கு செவிலியரைக் கூடுதலாக நியமித்தால் யாரும் ரிப்பன் கொண்டுவருவதில்லை. தமிழ்நாட்டின் பொது சுகாதாரம் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெருமைப்படுகிறோம், அதற்குக் காரணமும் இருக்கிறது. அதே தமிழ்நாட்டில்தான் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு மீண்டும் மீண்டும் தெருவில் உட்காருகிறார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அந்தச் செவிலியருக்கு அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்பது தெரியாத நிலையில் அரிச்சுவடியை யார் படிப்பது?

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவுக்கு நவீன கருவி வந்திருக்கிறது என்ற செய்தி அடுத்த முறை வரும்போது, நிருபர்கள் விலையோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு எழுதலாம். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கருவியின் பக்கத்தில் இருப்பது யார், அவர் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார், அதில் அவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள், அவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்த ஊழியரா.